ரஜூலாவும் ரோனாவும்

எங்கள் வீட்டுப் பரணை ஒழிக்க வேண்டிய நாள் போன மாதம் வந்தே விட்டது. ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, நான் பிறந்து வளர்ந்த இந்த வீடு. ஓட்டு வீடாக இருந்து, மாடி எழும்பி, இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாக ஆகப் போகிறது. புது ஃபிளாட்டில் பரண் கிடையாதாம். "லாஃப்ட் இருக்கு சார், ஆனா சின்னது" என்றார் பில்டரின் ஆள். ஆகவே எழுபது எண்பது வருஷச் சாமான்களை ஒரு வாரத்தில் தீர்மானம் செய்ய வேண்டியதாயிற்று.

வெண்கல அண்டாவுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் பின்னாலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டி இறங்கியது. கறுப்புத் தகரம், ஓரமெல்லாம் துரு. மூடியைத் துணியால் துடைத்தபோது வெள்ளைப் பெயிண்டில் எழுதிய ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. முதல் வரியில் அப்பாவின் பெயர். இரண்டாவது வரியில் 'எஸ்.எஸ். ரோனா'. மூன்றாவது வரியில் 'மதராஸ்'.

என் பேரன் கேட்டான்: "ரோனாவா? அது யாரு தாத்தா?"

"கப்பல்டா" என்றேன். அதற்கு மேல் அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட பெயர். ஆனால் அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பேரன் போனை எடுத்து இரண்டு நிமிஷம் தட்டினான். அவன் முகம் மாறியது. "தாத்தா, இதுல ஆயிரம் பேருக்கு மேல செத்திருக்காங்க" என்றான்.

அன்றிலிருந்து ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ரஜூலாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஊசியும் நூலுமாகப் போய் வந்த கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் "அவர் ரஜூலாவில் போனவர்" என்றால் போதும், மனிதரின் பாதி ஜாதகம் விளங்கிவிடும்.

ஆனால் ரஜூலா தனிப் பிள்ளை அல்ல. 1926-ல் அந்தக் கம்பெனி இந்த மார்க்கத்துக்கென்றே இரண்டு கப்பல்களைக் கட்டியது. ரஜூலா கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டப்பட்டது. ரோனா இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஹாத்தார்ன் லெஸ்லி பட்டறையில். இரண்டும் எட்டாயிரத்துச் சொச்சம் டன். இரண்டிலும் மேல் வகுப்புப் பயணிகளுக்கு நூறு சொச்சம் இடம்தான். டெக் பயணிகளுக்கோ ஐயாயிரம் பேருக்கு மேல் லைசென்ஸ்! நானூற்று அறுபது அடி நீளக் கப்பலில் ஐயாயிரம் பேர். நம் ராயப்பேட்டையில் நாலைந்து தெருக்களை அப்படியே தூக்கிக் கப்பல் தளத்தில் வைத்த மாதிரி.

அப்பா 1934-ல், இருபது வயதில், ரஜூலாவில் டெக் டிக்கெட் எடுத்துப் போனார். பேரா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பினாங்குக்கு ஆறு நாள். ஜமுக்காளம் விரித்த இடம்தான் வீடு. ஒரு ஜமுக்காளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே டிரங்குப் பெட்டிதான் சுவர். இறங்கினால் உடனே ஊருக்குள் விட மாட்டார்கள். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாம். அம்மை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே வெளியே விடுவார்கள்.

நாலு வருஷம் கழித்து, 1938 கடைசியில், பாட்டி கடிதம் மேல் கடிதம் போட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். அப்போது அப்பா ஏறி வந்தது ரோனாவில். "ரஜூலாவிலே போனேன், ரோனாவிலே வந்தேன்" என்பது எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி. எந்தக் கதையையும் அப்பா அதில்தான் ஆரம்பிப்பார்.

அந்தத் திரும்பிய பயணத்தில் நடந்த ஒரு விஷயத்தை அவர் அடிக்கடி சொல்வார். ஐப்பசி கார்த்திகைக் காற்று. வங்காள விரிகுடா கொந்தளித்துக்கொண்டிருந்தது. கிளம்பிய இரண்டாம் நாளே அப்பாவுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவர் பக்கத்தில், தளத்தைக் கழுவிக்கொண்டு வந்த கலாசி ஒருவன் குந்தி உட்கார்ந்தான். தாடி வைத்த நடுத்தர வயதுக்காரன். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உப்பில் ஊறிய எலுமிச்சைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். "காவ், பாபு, காவ்" என்றான். அப்பாவுக்கு இந்துஸ்தானி தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. நாகப்பட்டினம் வரும் வரை தினமும் இரண்டு வேளை வந்து அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனான். இறங்கும்போது அப்பா கொடுத்த எட்டணாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"வாழ்நாள் பூரா எனக்குத் தெரிஞ்ச ஒரே இந்தி, காவ் பாபு காவ்" என்று சொல்லிச் சிரிப்பார் அப்பா. 1965-ல் ஊரே இந்தி எதிர்ப்பில் கொதித்தபோதும் இதைச் சொல்லி எங்கள் பெரியண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கல்யாணம் 1939 தை மாதம் நடந்தது. திரும்பிப் போக அப்பாவுக்கு ஆசைதான். பாட்டி விடவில்லை. அந்த இழுபறியிலேயே மாதங்கள் ஓடின. செப்டம்பரில் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. அப்பா மவுண்ட் ரோடில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரலில் ஜப்பான்காரன் மதராஸுக்கே வந்துவிடுவான் என்று ஊர் காலியானது பலருக்கு நினைவிருக்கும், அல்லது பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்த என் அக்காவைத் தூக்கிக்கொண்டு வேலூர்ப் பக்கம் போனாள். அப்பா மட்டும் இந்த வீட்டுக்குக் காவல்.

மலாயாவில் தங்கிவிட்ட தோட்டத் தமிழர்களின் கதி நமக்குத் தெரியும். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போர்க் கைதிகளைத் தவிர லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் கொன்று தீர்த்தன. அப்பாவோடு ஒரே லயத்தில் தங்கியிருந்த இரண்டு பேர் அதில் போனார்கள் என்று போருக்குப் பிறகு தகவல் வந்தது. "ரோனா என்னைக் கொண்டாந்து இங்கே விட்டுது. இல்லேன்னா நானும் அங்கேதான்" என்று அப்பா சொல்லும்போது, சிரிப்பு நின்றுவிடும்.

சண்டை முடிந்தபின் ரஜூலா மறுபடியும் மதராஸ் துறைமுகத்துக்கு வர ஆரம்பித்தது. ரோனா வரவில்லை. அப்பா ஒருநாள் பாரிமுனைப் பக்கம் போனபோது கப்பல் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் விசாரித்திருக்கிறார். "அது சண்டையிலே போயிடுச்சுங்க" என்று ஒரு வரியில் பதில். எங்கே, எப்படி, யார் யார் போனார்கள் என்று கேட்க வழியில்லை. அந்த ஒரு வரியோடு அப்பா முப்பத்தைந்து வருஷம் இருந்து, 1981-ல் காலமானார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததைத்தான் என் பேரனின் போன் எனக்குச் சொன்னது.

போர் வந்ததும் பிரிட்டிஷ் சர்க்கார் பயணிக் கப்பல்களை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. கூலியாட்களையும் செட்டியார்களையும் குமாஸ்தாக்களையும் சுமந்த அதே தளத்தில் இப்போது துருப்புகள். ஐயாயிரம் டெக் பயணிகளை ஏற்றப் பழகிய கப்பல் ராணுவத்துக்கு எவ்வளவு சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரஜூலாவும் போனது, ரோனாவும் போனது.

1943 நவம்பர். ரோனா மத்தியதரைக் கடலில், அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் நின்றது. ஏறக்குறைய 2,000 அமெரிக்க வீரர்கள் ஏறினார்கள். அவர்கள் எங்கே போகக் கிளம்பினார்கள் தெரியுமா? இந்தியாவுக்கு! சூயஸ் வழியாக பம்பாய் வந்து, பிறகு பர்மா, சீனப் போர்முனைகளின் வேலைக்குப் போக வேண்டியவர்கள். விமானத் தளம் அமைக்கும் எஞ்சினியர் பட்டாளம் ஒன்று முழுதாக அதில் இருந்தது. ரோனா நம் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

25-ம் தேதி கிளம்பி, வேறு துருப்புக் கப்பல்களோடு சேர்ந்து வரிசையாகப் போனார்கள். மறுநாள் 26-ம் தேதி சாயங்காலம் அல்ஜீரியக் கரைக்கு வடக்கே ஜெர்மன் விமானங்கள் தாக்கின. அவை கொண்டுவந்தது சாதாரணக் குண்டு அல்ல. ஹென்ஷெல் 293 என்ற புது ஆயுதம். இறக்கை வைத்த குண்டு. அடியில் ராக்கெட். விமானத்திலிருந்து விழுந்ததும் ராக்கெட் பற்றிக்கொண்டு முன்னால் பாயும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, ரேடியோ அலையால் அதை இலக்குக்கு ஓட்டுவான். இன்று டிவியில் தினமும் டிரோன், ஏவுகணை என்று பார்க்கிறோமே, அதற்கெல்லாம் முப்பாட்டன். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் முதன்முதலாக உபயோகத்துக்கு வந்திருந்தது. அன்று பல குண்டுகளை ஏவினார்கள். அந்த வரிசையில் மூழ்கியது ரோனா ஒன்றுதான்.

குண்டு இடது பக்கம் பாய்ந்து உள்ளே வெடித்தது. எஞ்சின் நின்றது, மின்சாரம் போனது, தண்ணீர் இறைக்கிற பம்புகள் நின்றன. இடது பக்கத்துப் படகுகளில் பல நொறுங்கின. கப்பலில் 22 உயிர் காக்கும் படகுகள் இருந்தன. எட்டு மட்டுமே தண்ணீரில் இறங்கின. அதிலும் பெரும்பாலானவை ஆள் பாரத்தால் நிறைந்து கவிழ்ந்தன. படகு இறக்கும் கப்பிகள் துருப்பிடித்திருந்தன, பெயிண்ட் அடித்து அடித்துக் கயிறுகள் ஒட்டியிருந்தன என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீரர்களிடம் இடுப்பில் கட்டுகிற காற்றுப் பட்டை இருந்தது. அக்குளுக்குக் கீழே ஏற்றிக் கட்ட வேண்டும் என்று பலருக்குச் சொல்லித் தரப்படவில்லை. இடுப்பிலேயே கட்டிக் குதித்தவர்களை அது தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. கடலில் பேரலை, குளிர், இருட்டிக்கொண்டு வருகிற நேரம். ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோனா பின்புறமாக மூழ்கியது.

'பயனியர்' என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 606 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. வேறு கப்பல்களும் விடிய விடியத் தேடின. அப்படியும் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் அமெரிக்க வீரர்கள் 1,015 பேர். எதிரியின் தாக்குதலால் அமெரிக்கா கடலில் ஒரே நாளில் இழந்த துருப்புகளில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை.

இவ்வளவு பெரிய சாவு ஏன் வெளியே தெரியவில்லை? ஜெர்மானியருக்குத் தங்கள் புது ஆயுதம் இவ்வளவு பலித்தது என்று தெரியக் கூடாது என்பதற்காக மூடி வைத்தார்கள். குடும்பங்களுக்கு முதலில் 'காணவில்லை' என்று தந்தி. பிறகு இறந்துவிட்டார் என்று கடிதம். கப்பல் பெயரும் இல்லை, எந்தக் குண்டு என்றும் இல்லை. பிழைத்தவர்களுக்கு வாய்ப்பூட்டு. போர் முடிந்தும் பல்லாண்டுகள் அது அவிழவில்லை. 1990-களில்தான் விஷயம் அந்த நாட்டில் பலருக்கும் தெரிய வந்தது. 1996-ல் அலபாமா மாநிலத்தில் ஒரு ராணுவ இடுகாட்டில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். 2000-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டு அந்த வீரர்களை நினைவுகூர்ந்தது. பெற்ற தாய் தகப்பன்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

ஆகவே பாரிமுனையில் அந்த மனிதர் அப்பாவுக்குச் சொன்ன ஒரு வரிப் பதிலில் தப்பே இல்லை. அமெரிக்காவிலேயே தாய்மார்களுக்கு அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

இதுவரை படித்தபோது வருத்தமாக இருந்தது. அதற்கு அப்புறம் படித்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ரோனாவின் பணியாளர்கள் சுமார் இருநூறு பேர். மேலதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர், லஸ்கர்கள். பிழைத்த அமெரிக்க வீரர்கள் சிலரின் நினைவுக் குறிப்புகளில் இந்தப் பணியாளர்களைப் பற்றிக் கடுமையான வார்த்தைகள் இருக்கின்றன. படகை இறக்க உதவவில்லை, தாங்கள் முதலில் தப்பப் பார்த்தார்கள் என்கிறார்கள். படித்ததும் சுருக்கென்றது. 'காவ் பாபு காவ்' என்றவனை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். என் அப்பாவுக்கு நல்லவனாக இருந்த ஒருவனை வைத்து, பார்க்காத இருநூறு பேருக்கு நான் வக்காலத்து வாங்கக் கூடாது. அந்தச் சாயங்காலம் அங்கே நின்றவர்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். அதில் சில உண்மையாகவே இருக்கலாம். குண்டு விழுந்த கப்பலில் பயந்து ஓடுகிறவன் எந்த நாட்டிலும் இருப்பான்.

பிறகு கணக்கைப் பார்த்தேன். இறந்தவர்களில் கப்பல் பணியாளர்கள் மட்டும் 120 பேர் அளவில் இருக்கிறார்கள். இருநூறில் நூற்றிருபது! துருப்புகளில் பாதிக்குப் பாதி போனார்கள் என்றால், பணியாளர்களில் பாதிக்கு மேல் போனார்கள். முதலில் தப்பித்துக்கொண்டவர்களின் கணக்கு இப்படியா இருக்கும்? எஞ்சின் அறையிலும் கொதிகலன் பக்கத்திலும் வேலையிலிருந்தவர்களுக்கு மேலே வரவே நேரம் இருந்திருக்காது. துருப்பிடித்த கப்பிக்கு யார் பொறுப்பு? மாதச் சம்பளத்துக்குத் தளம் கழுவியவனா?

அந்தச் சம்பளத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே கப்பலில், ஒரே வேலைக்கு, வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் லஸ்கருக்கு. படுக்கும் இடமும் அவனுக்குக் குறைவு. 1939-ல் போர் மூண்டதுமே, ஆபத்துக்கு ஏற்ற சம்பளம் வேண்டும் என்று பல துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள். கடைசியில் சம்பளம் கொஞ்சம் ஏறியது. சிட்டகாங், சில்ஹெட், குஜராத், கொங்கணம், கோவா என்று எங்கெங்கிருந்தோ வந்த இந்த மனிதர்கள் இல்லாமல் பிரிட்டிஷ் கப்பல்கள் ஓடியிருக்காது. நம் ஆட்கள் மலாயா போனதும் இவர்கள் அள்ளிப் போட்ட கரியில்தான்.

இவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டா என்று தேடினேன். உண்டு. வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். கடலைத் தவிர வேறு சமாதி இல்லாத இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேரின் பெயர்கள், கடற்படையினர் 400 பேரின் பெயர்களோடு அதில் இருக்கின்றன. அதன் நகல் ஒன்று மும்பையில், இந்திய மாலுமிகளுக்கான இல்லத்தில் இருக்கிறது. நம் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறதே, காமன்வெல்த் அமைப்பு பராமரிப்பது, புல்லும் பூவுமாக அவ்வளவு சுத்தமாக. அதே அமைப்புதான் இதையும் பார்த்துக்கொள்கிறது. நந்தம்பாக்கத்தைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஆறாயிரம் பேருக்குக் கல்லறைக்குப் பதிலாக ஒரு புத்தகம்தான் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

எலுமிச்சை கொடுத்த மனிதன் அந்தச் சாயங்காலம் ரோனாவில் இருந்தானா? அப்பா அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருஷ இடைவெளியில் வேறு கப்பலுக்கு மாறியிருக்கலாம், ஊரோடு போயிருக்கலாம். பெயர் தெரியாததால் புத்தகத்திலும் தேட முடியாது.

இங்கே எனக்கு இன்னொரு நாள் ஞாபகம் வருகிறது. 1962. என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, பினாங்கில் வேலையிலிருந்த மாப்பிள்ளையோடு ரஜூலாவில் புறப்பட்டாள். எனக்கு 13 வயது. மணிக்கூண்டுப் பக்கத்திலிருந்து டாக்சி பிடித்து, அம்மா, பாட்டி, நான் எல்லோரும் துறைமுகம் போனோம். கப்பல் ஊதியபோது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் மேல்தளத்தில் நின்ற அக்காவைப் பார்த்துக் கையாட்டினோம். அப்பா மட்டும் கப்பலையே மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்ணு போறா, நீங்க புகையைப் பாத்துட்டு நிக்கிறீங்களே" என்றாள்.

அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுக்குக் கூடப்பிறந்தது ஒண்ணு இருந்துதுடா. அச்சா இதே மாதிரி."

ரஜூலா அதற்குப் பிறகும் 11 வருஷம் ஓடியது. ஒரு பயணிக் கப்பல் நாற்பத்தேழு வருஷம் உழைப்பது சாதாரணம் அல்ல. 1973-ல் நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. 1974-ல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததும், அதோடு சிங்கப்பூர்க் கப்பல் போக்குவரத்தே நின்றதும் உங்களுக்குத் தெரியும். ரஜூலாவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், பேசுகிறார்கள். தப்பித்து வந்தது, அதனால் கதை சொல்ல ஆள் இருந்தது. ரோனாவில் நம்மவர்கள் பதிமூன்று பதினாலு வருஷம் போய் வந்திருந்தும், அந்தப் பெயர் எங்கள் பரணில் ஒரு தகர மூடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்தேன். 85 வயதாகிறது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். குண்டு, படகு, ரகசியம், லஸ்கர்கள், புத்தகம். நடுவில் குறுக்கிடவே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று "அக்கா, அக்கா" என்றேன்.

"இருக்கேன்டா" என்றாள். பிறகு, "அப்பாவுக்கு இது ஒண்ணும் தெரியாமலே போயிட்டார் இல்ல?"

"ஆமாம்."

"தெரிஞ்சிருந்தா அந்த எலுமிச்சங்காய்க் கதையைச் சிரிச்சிட்டுச் சொல்லியிருக்க மாட்டார். தெரியாததும் ஒருவிதத்துல நல்லதுதான்" என்றாள்.

எனக்கு அது சரி என்று படவில்லை. அப்பா தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அக்காவிடம் வாதாடவில்லை.

பழைய இரும்புக்காரர் வந்து அண்டா, தொட்டில் கம்பி, உடைந்த சைக்கிள் எல்லாவற்றையும் எடுத்துப் போனார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "துரு சார், எடை நிக்காது, நூறு ரூபா தரேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. புது ஃபிளாட்டில் அது எங்கே போகும் என்று மட்டும் கேட்டாள். கட்டிலுக்கு அடியில் போகும் என்றேன். உள்ளே போர்வைகளை வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் மலாயா, பர்மா என்று போய் வந்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். எந்த வருஷம், எந்த ஊர் என்று மட்டும் கேட்காமல், எந்தக் கப்பல் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். கூட வந்தவர்கள் யார், உதவி செய்தவர்கள் யார் என்று பெயரோடு கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.